புல்லட் இல்ல பாஸ்... புல்லு மெஷின்!



'தெர்மல் இன்ஜினியரிங்' பேப்பர்ல நீங்க எவ்ளோ மார்க்? நம்ம ஸ்கோர் 78. ஓட்டோ சைக்கிள் பி-வி டயகிராமை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். ஆனா போன பொங்கல் லீவுல, வானகரத்துல எங்க அபார்ட்மென்ட் புல்தரை நடுவுல, பத்துப் பதினைஞ்சு வாண்டுங்க வேடிக்கை பார்க்க, ஒரு புல்லு வெட்டுற மெஷினோட கயித்தை நாற்பது தடவை இழுத்தேன். 'டுக்கு... டுக்கு... டுக்கு...' அவ்ளோதான். "அண்ணா, நீங்க இன்ஜினியரிங்தானே படிக்கிறீங்க?"ன்னு ஒரு மூணாங்கிளாஸ் வாண்டு கேட்டுச்சு பாருங்க... வாழ்க்கையில வாங்கின பல்புலயே அதுதான் ஆயிரம் வாட்ஸ்!

'புல்லட் ரிப்பேர்னாலும் கெத்து... புல்லு மெஷினெல்லாம் ஒரு மேட்டரா'ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. உங்க காலேஜ் கிரவுண்டு, ஹாஸ்டல் வாசல், ஆபீஸ் கேம்பஸ்னு எல்லா இடத்துலயும் ஒரு ஷெட்டுக்குள்ள இந்த ஜீவன் தூங்கிட்டிருக்கும். அதைத் தள்ளிக்கிட்டுப் போற அண்ணனும் இருப்பார். இந்த வாரக் கதை அவங்க ரெண்டு பேரைப் பத்தினது. வில்லன் யாருன்னு நடுவுல சொல்றேன்.

பழி ஒரு பக்கம்...

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் எங்க மெஷினை ஷெட்டுல போட்டாங்க. தை பிறந்து வெளியே எடுத்தா, மூச்சே இல்லை. புல்லு முழங்காலைத் தொடுது. தோட்டக்கார அண்ணன் குத்த வெச்சு உட்கார்ந்து அரிவாளாலேயே அறுக்க ஆரம்பிச்சுட்டார். காலையில ஏழு மணிக்குக் குனிஞ்சவர், பதினோரு மணிக்கு நிமிரும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறார்.

அசோசியேஷன்ல வெளியாளைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. "இன்ஜினே போச்சு சார், நாலாயிரம் ஆகும்"னு சொல்லிட்டுப் போயிட்டார் அவர். 'மெஷினை ஒழுங்கா வெச்சுக்கலை, அண்ணன் சம்பளத்துல மாசம் ஆயிரம் பிடிக்கலாம்'னு பேச்சு ஓடுச்சு. அண்ணன் ஒண்ணுமே சொல்லலை. "நான் இன்னா தம்பி பண்ணேன்? மூடி வெச்சேன், எடுத்தேன்"னு என்கிட்ட மட்டும் சொன்னார்.

அதனாலதான் ஹீரோயிசம் பண்ணலாம்னு கயித்தைப் பிடிச்சேன். ரிசல்ட் உங்களுக்கே தெரியும்.

கையை எடுடா!

கயிறு கைவிட்டதும் அடுத்த ஐடியா. மெஷினைச் சாய்ச்சு, அடியில இருக்கற பிளேடைக் கையால சுத்திப் பார்க்கலாம், ஏதாவது சிக்கியிருக்கும்னு நினைச்சேன். நல்லவேளை, என் கிளாஸ்மேட்டோட அப்பா அப்போதான் கேட்டுக்குள்ள வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷமா ஜெனரேட்டர், பம்ப்செட் இன்ஜின் எல்லாம் பிரிச்சு மேயறவர். நான் போன்ல கெஞ்சினதால ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அயனம்பாக்கம் வழியா வண்டியை விட்டுக்கிட்டு வந்திருந்தார். தூரத்துல இருந்தே, "கையை எடுடா!"ன்னு ஒரு சத்தம். அரண்டுட்டேன்.

விஷயம் இதுதான். பைக்ல பாட்டரி, சாவி எல்லாம் இருக்கு. இதுல சாவியே கிடையாது. ஃபிளைவீல்ல ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அது காயிலைத் தாண்டிச் சுத்தினாலே பிளக்குல கரண்ட் அடிக்கும். பிளேடோ நேரா கிராங்க் ஷாஃப்ட்லயே மாட்டியிருக்கு. நடுவுல கியர் இல்லை, கிளட்ச் இல்லை. அதனால பிளேடைக் கையால சுத்தறதும் கயித்தை இழுக்கறதும் இன்ஜினுக்கு ஒண்ணுதான். உள்ள கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்து ஒரே ஒரு தடவை பத்திக்கிட்டாப் போதும்... விரல்!

"அதுக்குத்தான்பா அந்த லிவர்"னு காட்டினார். ஹேண்டிலோட சேர்த்துப் பிடிக்கிற கம்பி லிவர் ஒண்ணு இருக்குமே, அதை விட்டா கரண்ட் கட் ஆகி, பிரேக் பிடிச்சு, பிளேடு நின்னுடும். அமெரிக்காவுல 1982 ஜூன் மாசத்துக்கு அப்புறம் தயாராகுற, தள்ளிக்கிட்டுப் போற மெஷின் எல்லாத்துலயும் லிவரை விட்ட மூணு செகண்டுக்குள்ள பிளேடு நின்னாகணும்னு சட்டமே போட்டுட்டாங்க. விரல் போன கேஸ் அவ்வளவு!

எங்க மெஷின்ல அந்த லிவரை நைலான் கயித்தால ஹேண்டிலோட சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. அதாவது, நான் பிளேடுகிட்ட கையை நீட்டினப்போ இன்ஜின் 'ரெடி'யா இருந்திருக்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பிளேடு நீளம் 21 இன்ச், அதாவது 53 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 3,000 சுத்துன்னா, நுனியோட வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். நம்ம ஐ.சி.எஃப்.ல பொறந்து, அம்பத்தூர், ஆவடி வழியா மைசூருக்குப் பறக்குற வந்தே பாரத்தோட டிசைன் வேகமே 180தான். காலுக்கு ஒரு அடி தூரத்துல அதைவிட வேகமா ஒரு இரும்புப் பட்டை சுத்துது. ஒரு கல்லு மாட்டினா அது கல்லு இல்லை, புல்லட்! (டைட்டில்ல 'புல்லட் இல்ல'ன்னு போட்டதை வாபஸ் வாங்கிக்கறேன்.)

அதனால ரூல் நம்பர் ஒண்ணு: மெஷின்ல எதைத் தொடறதுக்கு முன்னாடியும் பிளக் கேப்பைக் கழட்டி, பிளக்கைத் தொடாதபடி தூரமா ஒதுக்கி வைங்க. வேலை முடியற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கணும்.

கரண்ட், காத்து, பெட்ரோல், அமுக்கம்

மெக்கானிக் அப்பா டூல் பாக்ஸைத் திறக்கவே இல்லை. முதல்ல கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்போ ஓடுச்சு? எப்படி நின்னுச்சு? கல்லுல மோதுச்சா?" டாக்டர் மாதிரி! அப்புறம் சொன்னார்: "இன்ஜின் ஓடறதுக்கு நாலே நாலு விஷயம்தான் கண்ணு. கரண்ட், காத்து, பெட்ரோல், அமுக்கம். நாலுல எது இல்லைன்னு கண்டுபிடி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல நோண்டினா எதால சரியாச்சுன்னே தெரியாது."

நாலு யூனிட் படிச்சு நான் எழுதின பரீட்சை, ஒரே லைன்ல முடிஞ்சுபோச்சு.

கரண்ட்: பெட்ரோல் பக்கம் எதையும் திறக்கறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடணும். ஸ்பார்க்கும் பெட்ரோல் ஆவியும் சந்திச்சா அப்புறம் ஃபயர் சர்வீஸ்தான். பிளக்கைக் கழட்டி, கம்பி பிரஷ்ஷால கரியைத் துடைச்சு, கேப்புல மாட்டி, பிளக்கோட இரும்பு உடம்பை இன்ஜின் இரும்புல அழுத்தி வைக்கணும். பிளக் இருந்த ஓட்டையை விட்டுத் தள்ளி வைக்கறது முக்கியம். கையால பிடிக்கக் கூடாது, ரப்பர் பிடி போட்ட குறடுதான். ஒருத்தர் லிவரைப் பிடிக்க, இன்னொருத்தர் கயித்தை இழுத்தா, நீல கலர்ல 'டிக் டிக்'னு பொறி பறக்கணும். எங்களுக்குப் பறந்துச்சு. ஆனா பிளக் நுனி தேய்ஞ்சு இடைவெளி அகலமாகி இருந்தது. இந்த சைஸ் இன்ஜின்ல பெரும்பாலும் 0.7-ல இருந்து 0.8 மில்லிமீட்டர் இருக்கணும். புதுசு மாத்தியாச்சு. (கடையில இன்னமும் 'மைகோ பிளக்'னு கேட்டாத்தான் பாதிப் பேருக்குப் புரியுது. அந்த கம்பெனி 2008-லயே 'பாஷ்'னு பேர் மாத்திக்கிச்சு!)

காத்து: ஏர் ஃபில்டரைத் திறந்தா ஒரு குருவிக் கூடு கட்டற அளவுக்குப் புல்லு தூசி. பேப்பர் ஃபில்டர்னா மெதுவா தரையில தட்டினாப் போதும், தண்ணியில முக்கக் கூடாது. ரொம்பக் கறுத்திருந்தா மாத்திடுங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர்னா சோப்புத் தண்ணியில அலசி, நல்லா காயவெச்சு, ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிஞ்சு மாட்டணும். வண்டி கறுப்புப் புகை கக்கினா முதல் சந்தேகம் இங்கதான்.

அமுக்கம்: பிளக்கைத் திரும்ப முடுக்கிட்டுக் கயித்தை மெதுவா இழுங்க. ஒரு இடத்துல 'மாட்டேன்'னு அடம்பிடிக்கும். அதான் கம்ப்ரஷன். அடமே பிடிக்காம வெண்ணெய் மாதிரி வந்தா வால்வோ ரிங்கோ போயிருக்கலாம். அப்போ நம்ம வேலை இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. எங்களுது நல்லாவே அடம் பிடிச்சது. 'இன்ஜினே போச்சு'ன்னு சொன்னவர் இதைக்கூட இழுத்துப் பார்க்கலை போல!

பெட்ரோல்: டேங்க் மூடியைத் திறந்ததும் அப்பா மூக்கைச் சுளிச்சார். "மோந்து பாரு." பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பா வாசனை. "இது எப்போ போட்டது? ஃபுல்லா இருக்கே... யார் போட்டது?"

ஃபிளாஷ்பேக். அக்டோபர் மாசம். "அண்ணே, மழை வந்தா அலைய முடியாது, நான் வாங்கிட்டு வந்து ஃபுல் பண்ணிடறேன்"னு நல்ல பையனா ஒருத்தன் டேங்க்கை விளிம்பு வரைக்கும் ரொப்பினான்.

ஹி... ஹி... வில்லன் நான்தான் பாஸ்!

பாட்டிலுக்குள்ள கெமிஸ்ட்ரி

மூணு மாசம் சும்மா இருந்த பெட்ரோலுக்கு என்ன ஆச்சு? லேசான பாகம் ஆவியாகிப் போயிடும். மிச்சம் கெட்டியாகிப் பிசின் மாதிரி கார்புரேட்டர் ஜெட்டுல ஒட்டிக்கும். ஜெட் ஓட்டை எவ்ளோ பெருசுன்னு நினைக்கறீங்க? குண்டூசி நுழையறதே கஷ்டம்!

இது பழைய கதை. புதுக் கதையும் இருக்கு. 2014-ல நம்ம ஊர் பெட்ரோல்ல எத்தனால் ஒண்ணரை சதவீதம்தான் இருந்தது. 2022-ல பத்து சதவீதம் ஆச்சு. 2025-ல இருபதை எட்டியாச்சு. எத்தனாலுக்குத் தண்ணின்னா உயிர். காத்துல இருக்கற ஈரத்தைக்கூட இழுத்துக்கும். மழைக்கால சென்னைக் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? இழுக்கறது ஒரு அளவைத் தாண்டினா தண்ணியும் எத்தனாலும் கூட்டணி அமைச்சுப் பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிடும். இன்ஜினுக்குக் குழாய் போறதும் அடியில இருந்துதான்! பைக்னா தினம் ஓடி டேங்க் காலியாகிட்டே இருக்கும், பிரச்னை தெரியாது. சீசனுக்கு மட்டும் ஓடற இந்த மாதிரி குட்டி இன்ஜின்தான் மாட்டிக்குது. இதுக்கான மேனுவல்கள் பலதுலயும் எத்தனால் 10 சதவீதம் வரைக்கும்தான்னு போட்டிருக்கு. நம்ம பங்க்குல வர்றது இருபது. அப்போ வழி ஒண்ணுதான்: கொஞ்சமா வாங்கு, உடனே தீர்த்துடு.

டேங்க்கைக் காலி பண்ணி, கார்புரேட்டர் அடியில இருக்கற ஒரே போல்ட்டைக் கழட்டினா கிண்ணம் கையோட வந்துடுச்சு. உள்ள டீ டிகாக்ஷன் கலர்ல ஒரு மண்டி. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிச்சு, மெல்லிய செம்புக் கம்பியோட ஒரே ஒரு இழையை ஜெட்டுக்குள்ள விட்டு எடுத்தோம். ஊசி, கோணி ஊசியெல்லாம் விடாதீங்க. ஓட்டை பெருசாயிட்டா பெட்ரோல் கணக்கே மாறிடும். ஜெட்டைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தா, குட்டி நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி தெரிஞ்சது.

இங்க ஒரு எச்சரிக்கை. மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் இருக்கற பக்கம் எப்பவும் மேல இருக்கணும். மாத்திச் சாய்ச்சா ஆயில் ஃபில்டருக்குள்ள இறங்கி, ஸ்டார்ட் பண்ணினதும் தெருவே கொசு மருந்து அடிச்ச மாதிரி ஆயிடும்.

ஆயிலும் மாத்தினோம். பழசு தார் மாதிரி இருந்தது. கொள்ளளவு அரை லிட்டர் பக்கம்தான். 50 மணி நேரம் ஓடினா ஒரு தடவை, இல்லைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. எந்த கிரேடுன்னு மேனுவல் சொல்லும், பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றதைக் கேட்காதீங்க.

பிளேடுக்கு ஒரு ஆணி

"இருக்கறதே இருக்கு, அதையும் பார்த்துடுவோம்"னு பிளேடைக் கழட்டினார் அப்பா. நுனி வெண்ணெய்க் கத்தி மாதிரி மழுங்கிப் போயிருந்தது. மழுங்கின பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். வெட்டின ரெண்டு நாள்ல புல்லு நுனியெல்லாம் பழுப்பா மாறினா, குத்தம் புல்லு மேல இல்லை.

பிளேடைத் தீட்டறதுக்கு அரம் போதும். ஏற்கெனவே இருக்கற சாய்வுலேயே ரெண்டு பக்கமும் சமமா ராவணும். சவரக்கத்தி ஆக்க வேண்டாம், அது சீக்கிரம் மடங்கிடும். அப்புறம் செவுத்துல ஒரு ஆணி அடிச்சு, பிளேடோட நடு ஓட்டையை அதுல மாட்டுங்க. ஒரு பக்கம் தாழ்ந்தா அந்தப் பக்கம் வெயிட் அதிகம், இன்னும் கொஞ்சம் ராவுங்க. தராசு மாதிரி சமமா நிக்கணும். இல்லைன்னா மெஷின் உதறும், ஹேண்டில் பிடிச்ச கை மரத்துப் போகும், பேரிங்கும் போகும். திரும்ப மாட்டும்போது ஃபேன் இறக்கை மாதிரி வளைஞ்ச பக்கம் மெஷினைப் பார்த்து மேல இருக்கணும். போல்ட்டை மேனுவல்ல சொல்ற அளவுக்கு முடுக்கணும்.

கல்லுல பலமா மோதின மெஷின் அதுக்கப்புறம் கயித்தை 'வெடுக்'னு பிடுங்குதா? ஃபிளைவீல்ல ஒரு சின்னச் சாவித் துண்டு இருக்கும். பல இன்ஜின்கள்ல அதை மெத்துனு இருக்கற உலோகத்துல பண்ணியிருப்பாங்க. பெரிய அடியை வாங்கிக்கிட்டு அது வெட்டுப்பட்டா, டைமிங் தவறிடும். சின்னத் துண்டை மாத்தினாச் சரி. இது தெரியாம இன்ஜினையே தூக்கிப் போட்டவங்க உண்டாம்.

சரி, எங்க புல்லு என்ன புல்லு தெரியுமா? 'பெர்முடா கிராஸ்'னு பீட்டர் விடறாங்களே, அதுல ஒரு வகை பிள்ளையாருக்குப் போடற நம்ம அருகம்புல்லேதான்! ஒரே வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக் கூடாதுங்கறது கணக்கு. முழங்கால் உயரம் வளர்ந்ததை ஒரே நாள்ல மொட்டை அடிச்சா புல்லும் காயும், மெஷினும் திணறும். உயரத்தைக் கூட்டி வெச்சு, ரெண்டு மூணு தடவையா இறக்குங்க. ஈரப் புல்லை வெட்டாதீங்க. அடியில அப்பிக்கிட்டுத் துரு பிடிக்கும்.

அந்தக் கயிறு

எல்லாத்தையும் மாட்டி, புதுப் பெட்ரோல் அரை லிட்டர் ஊத்தி, சோக் போட்டு, அண்ணன் கையிலேயே கயித்தைக் கொடுத்தோம். முதல் இழுப்புல இருமினது. ரெண்டாவதுல உறுமினது. வாண்டுங்க விசில்! எனக்கு அரியர் கிளியர் ஆன ஃபீலிங்.

செலவு எவ்ளோ தெரியுமா? பிளக், ஆயில், ஸ்பிரே, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 750 ரூபாய்க்குள்ள. மெக்கானிக் அப்பா காசு வாங்க மாட்டேன்னுட்டார். வானகரம் மார்க்கெட்ல வாங்கின சங்கரா மீன் குழம்பு மட்டும் ரெண்டு தடவை வாங்கிக்கிட்டார்.

ஆனா மெஷின் ஓடினதும் கதை முடியலை. லிவர்ல இருந்த நைலான் கயித்தை அறுக்கப் போனேன். அண்ணன் முகம் வாடிடுச்சு. "தம்பி, ரெண்டு மணி நேரம் அதை அழுத்திப் பிடிச்சா விரல் மடங்காது. வூட்ல சாப்பாடு பிசையறதுக்கே வலிக்கும்"னு கையைக் காட்டினார். உள்ளங்கை பூரா காய்ப்பு. 'சேஃப்டி முக்கியம்ணே'ன்னு லெக்சர் கொடுக்க வாயைத் திறந்தவன் மூடிக்கிட்டேன்.

அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சோம். லிவரோட கேபிள் துருப்பிடிச்சு இறுகி இருந்தது. ஆயில் விட்டு இழுத்து இழுத்துப் பார்த்ததும் பாதி கனம் குறைஞ்சது. மெலிசான கம்பி கையை வெட்டாம இருக்க, பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்தினோம். லிவர் ஹேண்டிலோட முழுசாப் படியுதா, விட்டதும் தானா திரும்புதான்னு பத்துத் தடவை செக் பண்ணினோம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்திட்டு நிழல்ல நிக்கலாம்னு அசோசியேஷன்லயும் பேசியாச்சு. அதுக்கு அப்புறம்தான் அண்ணனே அரிவாளால அந்தக் கயித்தை அறுத்தார்.

அசோசியேஷன்ல இன்னொரு விஷயத்தையும் பேச வேண்டியிருந்தது. "அங்கிள், டேங்க்கை ரொப்பினது நான். அண்ணன் மேல தப்பு இல்லை"ன்னு செக்ரட்டரிகிட்ட சொல்றதுக்குள்ள நாக்கு வறண்டுடுச்சு. வைவா-வோஸ்கூட இவ்ளோ பயமா இருந்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அப்போ அந்த 750 உன்னோடதா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். சம்பளப் பிடித்தம் பேச்சு அதோட நின்னுடுச்சு. என் பாக்கெட் மணியும்!

1830-ல இங்கிலாந்துல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் முதல் புல்லு வெட்டும் மெஷினுக்குப் பேடன்ட் வாங்கினார். மில்லுல கம்பளித் துணி மேல துருத்திக்கிட்டு நிக்கற நூலைச் சீவற மெஷின் மாதிரியே இதையும் அமைச்சார். நாம கேம்பஸ்ல தினமும் பக்கத்துல நடந்து போற மெஷினைக்கூடத் திரும்பிப் பார்க்கறதில்லை.

உங்க ஷெட் செவுத்துல ஒட்ட, எங்க அண்ணனும் நானும் சேர்ந்து எழுதின நாலு வரி இதோ. வெட்டி எடுத்துக்கோங்க:

1. தொடறதுக்கு முன்னாடி பிளக் கேப்பைக் கழட்டு.
2. புல்லுல இருக்கற கல்லு, கம்பி, பசங்க மூணையும் முதல்ல அப்புறப்படுத்து. செருப்போட ஓட்டாதே, ஷூ போடு.
3. சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தாதே. ஒரு மாசம் ஓடாதுன்னா டேங்க்கைக் காலி பண்ணி, தானா நிக்கற வரைக்கும் ஓடவிடு.
4. லிவரைக் கட்டாதே. கை வலிச்சா சொல்லு.

நாலாவது வரியில 'சொல்லு'ங்கறதை அண்ணன்தான் சேர்த்தார்.

அடுத்த வாரம் ஹாஸ்டல் மோட்டார் ரூம்ல சந்திப்போம். அதுவரைக்கும் உங்க காலேஜ் ஷெட்டுப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. அங்க லிவர்ல கயிறு ஏதாவது கட்டியிருந்தா, அறுக்கறதுக்கு முன்னாடி ஏன் கட்டினாங்கன்னு அந்த அண்ணன்கிட்ட கேளுங்க. டாட்டா!